நான்காவது ஆளுக்காக ஒரு டிரைபாட்

எங்கள் பயணப் படங்களைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இவர் யார்?" என்றுதான். பாசிர் பெனம்பாங்கில் மீன் விற்கும் சீன அக்கா, செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர், சுங்கை ஆயர் தாவாரில் நாங்கள் வழி கேட்கப் போய் மாட்டிக்கொண்ட லோரி ஓட்டுநர் என்று, ஒவ்வொரு படத்திலும் யாரோ ஒருவர் என் மனைவி, மகள்களோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்பது என் மனைவி சாந்தியின் நம்பிக்கை. நான் கேமராவுக்குப் பின்னால் இருப்பதால் முன்னால் மிஞ்சுவது மூவர். எனவே அகப்பட்ட ஆளை இழுத்து வந்து நால்வராக்கிவிடுவாள்.

அந்த ஆளையே படம் எடுக்கச் சொல்லலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கேமராவை அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரே ஒருமுறை கொடுத்தேன், நான்கு பேருக்கும் தலை இல்லாமல் படம் வந்தது. செல்ஃபி எடுத்தால் பாதிப் படத்தை என் மூக்கே அடைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் மூத்தவள் யாழினிக்குக் கடல் தாண்டிச் சரவாக்கில் ஆசிரியை வேலை கிடைத்தது. திங்கட்கிழமை விமானம். அறையில் மாட்டிவைக்க நாங்கள் நால்வர் மட்டும் இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்றாள். ஆல்பம் முழுக்கப் புரட்டிவிட்டு, "நீங்க இருக்கற படம் ஒன்னுகூட இல்லப்பா" என்று சொல்லி அதை மூடி வைத்தாள். கையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

காலை ஆறரைக்கு பத்தாங் காலியிலிருந்து கிளம்பினோம். பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூருக்கு என் கார் காட்டிய தூரம் 64 கிலோமீட்டர், டோல் இல்லை. பாதி வழி செம்பனைத் தோட்டங்கள்தான். பழக்குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் மாட்டினால் முந்த முடியாது, கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மலாவத்தி குன்றின் அடிவாரத்தில் இருந்தோம். அன்று காரை மேலே விடவில்லை, பதினைந்து நிமிடம் நடந்து ஏறினோம்.

இந்தப் பயணத்துக்காகவே இணையத்தில் 39 மலேசிய வெள்ளிக்கு ஒரு டிரைபாட் வாங்கியிருந்தேன். எடை அரைக் கிலோகூட இல்லை, சட்டைப் பையில் வைக்காத குறைதான் என்று வழியெல்லாம் பெருமை வேறு. கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் அதை நிறுத்தி, பத்து வினாடி டைமர் வைத்து ஓடிப் போய் நின்றேன். படத்தில் எட்டுக் கால்கள் விழுந்திருந்தன, மேலே ஒன்றும் இல்லை. லென்ஸின் கனம் தாங்காமல் பிளாஸ்டிக் தலை மெல்லக் குனிந்துவிட்டிருந்தது. இறுக்கினேன், மறுபடியும் குனிந்தது. மூன்றாம் தடவை இறுக்கும்போது திருகு கையோடு வந்துவிட்டது. சாம்பல் நிறக் குரங்கு ஒன்று மதில்மேல் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னவள் கயல், நாலாவது ஆளாக அதையே கூப்பிடலாம் என்றாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. யாழினி என் கையிலிருந்து டிரைபாட்டை வாங்கி மடக்கினாள், அதுதான் இன்னும் வலித்தது.

கீழே டவுனில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்னக் கடை ஒன்று பத்து மணிக்குத் திறந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம் பெரியவர். நான் டிரைபாட் விலையைக் கேட்டேன், அவரோ கேமராவைக் கேட்டார். வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு மூன்று டிரைபாட்களை எடுத்து வந்தார். ஒவ்வொன்றின் காலையும் முழுக்க விரித்து, தலையில் உள்ளங்கையை வைத்து என்னை அழுத்தச் சொன்னார். இரண்டின் கால்கள் உள்ளே சறுக்கின, ஒன்று அசையவில்லை.

"நடுக்கம்பத்த மட்டும் தூக்கிராதீங்க தம்பி. எல்லாரும் செய்யற தப்பு அதான். கால நீட்டுங்க, அது போதும்" என்றார்.

அந்த அலுமினிய டிரைபாட்டின் எடை 1.2 கிலோ, மடக்கினால் 41 சென்டிமீட்டர், விலை 189 வெள்ளி. சாந்தி விலையைக் கேட்டுக் கண்ணை உருட்டினாலும், பணத்தைக் கொடுத்தது அவள்தான்.

அங்கிருந்து சிகிஞ்சானுக்கு முக்கால் மணி நேரம். நெல் பச்சையாக நின்றது. காற்று தொப்பியைப் பிடுங்கியது. வரப்பில் டிரைபாட்டை நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் உயரம் கிடைக்குமே என்ற ஆசையில், பெரியவர் சொன்னதை மறந்து நடுக்கம்பத்தைத் தூக்கிவிட்டேன். ஒரே காற்று, எல்லாம் சாய்ந்தது. கேமரா தண்ணீரில் விழுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது கயல் பாய்ந்து வாரைப் பிடித்தாள். அவளை அன்று பெற்றதுபோல் இருந்தது.

சாந்தி பொறுமை இழந்து, வரப்பில் வந்த சைக்கிள்காரரைக் கைகாட்டிக் கூப்பிடப் போனாள்.

"வேணாம்மா. நம்ம நாலு பேர் மட்டும் லா" என்றாள் யாழினி.

சாந்தி கையை இறக்கினாள். கம்பத்தைக் கீழே இறக்கி, கால்களை அகலமாக விரித்து, காற்று வரும் பக்கம் ஒரு காலை வைத்தேன். கம்பத்தின் அடியில் இருந்த கொக்கியில் சாந்தியின் கைப்பையைத் தொங்கவிட்டோம். அதற்குள் என்னதான் வைத்திருக்கிறாளோ, டிரைபாட் நங்கூரம் போட்டதுபோல் நின்றது. டைமரை வைத்துவிட்டு ஓடும்போது என் கால் வரப்பிலிருந்து வழுக்கி முழங்கால்வரை சேற்றில் இறங்கியது. அந்த நொடியில் விழுந்த படத்தில் சாந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சிரிக்கிறாள், பிள்ளைகள் இருவரும் என்னைப் பார்க்கிறார்கள், ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. பிறகு ஒழுங்காக நின்று ஆறு படங்கள் எடுத்தோம். யாழினி தேர்ந்தெடுத்தது அந்தச் சேற்றுப் படத்தைத்தான்.

இதே பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் கேமராதானே என்று நோஞ்சான் டிரைபாட் வாங்காதீர்கள். கேமரா, லென்ஸ் எடையைப்போல் மூன்று மடங்காவது தாங்க வேண்டும். தூக்க அலுக்கும் அளவுக்குக் கனமும் வேண்டாம், வீட்டிலேயே கிடக்கும். அடியில் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் கடைக்கே போய்க் கையால் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். சிகிஞ்சானில் காலை ஒன்பது மணிக்குள் காற்று குறைவு என்று, நின்று வேடிக்கை பார்த்த அந்தச் சைக்கிள்காரர் சொன்னார்.

திங்கட்கிழமை விமான நிலையத்தில் யாழினி உள்ளே போன பிறகு, நாங்கள் மூவரும் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டிரைபாட் காரில்தானே இருக்கிறது, ஒரு படம் எடுக்கலாமா என்று கயல் கேட்டாள். பழக்கதோஷம், நான் உடனே நான்காவது ஆளைத் தேடினேன். பெட்டி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்துகொண்டிருந்தார், நல்ல சிரித்த முகம். கூப்பிடட்டுமா என்று சாந்தியைப் பார்த்தேன்.

"வேற யாரும் வேணாங்க. அவ லீவுல வரட்டும்" என்றாள்.

பள்ளி விடுமுறைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. கால்கள் இறுகிவிடக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் டிரைபாட்டைக் கூடத்தில் விரித்து வைத்துவிட்டு மறுபடி மடக்குகிறேன்.