போகாத தெருவுக்குச் சிவப்பு

கொசுப்புழுக்களை எண்ணுவது கடினமில்லை. எண்ணியதை வைத்துக் கணக்குப் போடுவதில்தான் நான் திணறினேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். மழைக்குப் பிறகு மாணவிகளோடு வீடு வீடாகப் போய், டிரம்களிலும் தொட்டிகளிலும் கரண்டி விட்டுப் பார்த்து எண்ணிக்கை குறித்திருந்தோம். பெரும்பாலான வீடுகளில் பூஜ்யம். சில வீடுகளில் மட்டும் புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. அப்படிப்பட்ட எண்களுக்கு நான் படித்த சாதாரண ரிக்ரஷன் கணக்குமுறை ஒத்துவரவில்லை. அதனால்தான் இந்த மாதிரித் தரவுகளுக்கென்றே நடந்த ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் நான்தான் கடைசி. புரோகிராமை ஓட்டினாலே எரர். அருகருகே இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும், அதை வைத்து நாம் போகாத இடத்தையும் கம்ப்யூட்டரில் போடும் கணக்கு மாடல் ஊகித்துவிடும் என்று ஆசிரியர் சொன்னது மெதுவாகத்தான் பிடிபட்டது. ஒருநாள் காலை எரர் இல்லாமல் ஓடி முடிந்து, ஊரின் வரைபடம் திரையில் விரிந்தது. புழு அதிகமிருக்கும் என்று மாடல் ஊகித்த இடமெல்லாம் சிவப்பு. குளத்தைச் சுற்றி வெளிர் சிவப்பு, அதன் பின்னால் ஒரு தெரு மட்டும் நல்ல சிவப்பு. சந்தோஷத்தில் லேப்டாப்பை மூடாமல் குளிக்கப் போய்விட்டேன்.

எங்களோடு இருக்கும் நாத்தனார் அதைப் போனில் படமெடுத்திருக்கிறார். அவர் மகள் அப்போதுதான் டெங்குவிலிருந்து எழுந்திருந்தாள். பயத்தில் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டு, இந்தத் தெருப் பக்கம் யாரும் போகாதீர்கள் என்று எழுதிவிட்டார். மதியத்துக்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது.

கல்லூரியிலிருந்து திரும்பியபோது வாசலில் ஒரு அம்மாளும் அவருடைய தம்பியும் நின்றிருந்தார்கள். அந்தத் தெருக்காரர்கள். அந்த வாரம் அந்த அம்மாளின் மகளுக்குக் கல்யாணம். குழந்தைகளோடு அங்கே வந்து தங்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் போன் செய்துவிட்டார்களாம்.

"ஏம்மா, எங்க வூட்டுக்குள்ள நீ கால் வெச்சிருக்கியா?"

"இல்லம்மா. சர்வேக்கு வந்தப்போ உங்க தெருவுல யாரும் உள்ள விடல."

"கதவு தொறக்கலன்னு பழி தீர்த்துக்கினியா?"

நாத்தனார் அழுதுகொண்டே வந்தார். "நான்தான் அனுப்புனேன். அவ மேல தப்பு இல்ல."

"போட்டோ யார் எடுத்தா இன்னா? செவப்பு அடிச்சது யாரு?" என்றார் தம்பி.

ஊகத்தின் வரைபடத்தோடு, அந்த ஊகம் எங்கெங்கே உறுதியில்லாதது என்று காட்டும் இன்னொரு வரைபடத்தையும் போடச் சொல்லியிருந்தார் ஆசிரியர். மாலையில் செய்யலாம் என்று விட்டிருந்தேன். அவர்களை உட்காரச் சொல்லி லேப்டாப்பைத் திறந்தேன். அவர்கள் உட்காரவில்லை. அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியைத் தவறவிட்டேன். எரர். தம்பி என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். திருத்தி ஓட்டியதும் படம் வந்தது. ஊரிலேயே அதிகம் கறுத்திருந்தது அவர்கள் தெருதான்.

"இதுவும் எங்க தெருதானா?"

"ஆமாம்மா. கறுப்பா இருந்தா அந்த எடத்தப் பத்தி எனக்குச் சரியாத் தெரியலன்னு அர்த்தம். உங்க தெருவச் சுத்தி எல்லாப் பக்கமும் புழு இருந்துது. அத வெச்சு கம்ப்யூட்டர் உங்க தெருவையும் யூகிச்சிருக்குது."

"தெரியலன்னா எதுக்குமா செவப்பு அடிக்கிற?"

"இப்பவே வந்து பாக்கறேன். உள்ள விடுவீங்களா?"

அந்த அம்மாள் தம்பியைப் பார்த்தார். பிறகு, "வா" என்றார்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அங்கே தங்கலாமா என்று நேரில் பார்த்துப் போக வந்தவர். டிரம்மில் ஒன்றுமில்லை. தொட்டியிலும் இல்லை. மாடியிலும் இல்லை. எனக்கு மூச்சு வந்தது. கடைசியாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால், தண்ணீர் சொட்டும் தட்டில் டார்ச் அடித்தேன். நெளிந்துகொண்டிருந்தன.

பக்கத்தில் குனிந்திருந்த அந்த அம்மாளும் பார்த்துவிட்டார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்து, "சொல்லிடாதமா" என்றார், சத்தமே இல்லாமல்.

"எண்ணிக்கைய எழுதித்தான் ஆகணும்மா. யார் வீடுன்னு எழுத மாட்டேன்."

"இன்னாமா, இருக்குதா இல்லையா?" கூடத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த அம்மாள் என் கையை விட்டார். தட்டை உருவி எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனார்.

"இருந்துது. இதுல மட்டும்தான். இதோ கொட்டப் போறேன்."

பெரியப்பா தட்டுக்குள் வெகுநேரம் பார்த்தார். "எங்க வூட்டு ஃபிரிட்ஜ் பின்னாடி இப்படி ஒண்ணு இருக்குதான்னே எனக்குத் தெரியாதே" என்றவர், போனை எடுத்து வீட்டுக்குப் பேசி அங்கேயும் பார்க்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு மற்ற வீடுகளும் திறந்தன. ஒன்றிரண்டு தவிர எல்லாம் பூஜ்யம். அந்த எண்களையும் சேர்த்து மாடலை மறுபடி ஓட்டியபோது தெருவின் சிவப்பு வெளுத்து இளம் மஞ்சளானது. புதிய ஊகப் படம், உறுதியின்மையைக் காட்டும் படம் இரண்டையும் நானே குடும்பக் குழுவில் போட்டேன். இவற்றை யாரும் வேறெங்கும் அனுப்பவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் அங்கேயே தங்கினார்களாம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.