நடைபாத்தியம்

பாத்தியம் என்ற சொல்லை இப்போது யார் சொல்கிறார்கள்? பத்திரம் எழுதுகிறவர்களின் கணினிக்குள் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வழிவழியாக வந்த உரிமை என்று அகராதி பொருள் சொல்லும். எனக்கோ அது ஒற்றையடிப் பாதை. அதில் தலையில் சைக்கிளோடு நடந்து வருகிற என் அத்தை.

எங்கள் ஊர், சிக்கல் என்கிற ஊருக்குப் பக்கம். அய்யாவின் அக்காவான அத்தைக்குப் பிள்ளையில்லை. பிறந்த வீட்டுப் பங்காக வந்த மிளகாய்க் கொல்லையில் தானே பாடுபட்டார். கொல்லைக்கு ஒரே வழி, பங்காளிப் பெரியப்பாவின் நிலத்துக்கு ஊடே. 'நடைபாத்தியம் உண்டு, வண்டிப்பாத்தியம் இல்லை' என்றது பாகப் பத்திரம். நடக்கலாம், சக்கரம் உருளக் கூடாது. அத்தனை மூட்டையையும் அத்தை தலையில்தான் சுமந்தார்.

எனக்கு ஒன்பது வயது. சைக்கிள் பழகிய புதிது, அந்தத் திமிர். கஞ்சித் தூக்கோடு கொல்லைக்குப் போனவள், மணியடித்துக்கொண்டே பாதை முழுக்க மிதித்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தையோடு திரும்பினால், கொல்லை வாசலில் சீமைக்கருவேல முள். அதற்கு அப்பால் பெரியப்பா.

"வண்டி ஓட்டியாச்சுல்ல? இனிமே ஒனக்குப் பாத்தியம் ஏது, வழி ஏது?"

"பச்சப்புள்ள சைக்கிளுண்ணே. அதுவா வண்டி?"

"சக்கரம் இருக்குல்ல!"

செடியில் பழம் சிவந்து நின்றது. வழி அடைபட்டால் அவ்வளவும் மண்ணுக்குத்தான். அத்தைக்கு வசவு தெரியாமல் இல்லை; ஊரே அறியும். ஆனால் அன்று முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்தார். சைக்கிளைத் தூக்கித் தலையில் ஏற்றினார். முள்ளுக்கு நேரே வந்து நின்றார்.

"இப்பத் தரையப் பாருங்கண்ணே. சக்கரம் தெரியுதா, காலு தெரியுதா?"

பக்கத்துக் கொல்லைகளில் பழம் பறித்தவர்கள் நிமிர்ந்து சிரித்தார்கள். பெரியப்பாவும் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்? கவைக்கம்பால் முள்ளை இழுத்து ஒதுக்கினார்.

"எறக்கி வையாத்தா. கழுத்து ஒடிஞ்சிரும்."

"பாதை முடியட்டும்."

தலைக்கு மேலே சக்கரம் காற்றில் சும்மா சுழன்றது. என்ன நடை அது! சாமி தூக்கி வருகிற நடை.

"ஏ புள்ள, நீ முன்னால நட. எல்லாரும் பாக்கட்டும்."

தண்டனை என்றுதான் நினைத்தேன். அத்தைக்குப் பிறகு அந்தக் கொல்லை யாருக்கு என்று பங்காளிகள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதற்கான பதிலாகத்தான் நான் முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன் என்று தெரியாமல், வழி நெடுக அழுதேன்.