பொம்பிளை பார்க்க வந்தவர்கள் பார்த்த ஒத்திகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருகோணமலை லிங்கநகரில் எங்கள் வீட்டு ஹோலில் நடந்தது இது. அன்று பின்னேரம் என்னைப் பெண் பார்க்கப் புல்மோட்டையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் சரிவரவில்லை. முதலில் வந்தவர்கள் காரணமே சொல்லவில்லை. அடுத்து வந்தவர்கள், பிள்ளை சத்தமாகச் சிரிக்கிறா என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த முறை அம்மா என்னை நம்புவதாக இல்லை. காலையிலேயே சேலை உடுக்க வைத்து, வெறும் தட்டைக் கையில் தந்து, குசினியிலிருந்து ஹோலுக்கு நடந்து வரச் சொன்னார். வந்தேன். வேகம் கூடிவிட்டதாம். திரும்பவும் வந்தேன். இப்போது முகம் சரியில்லையாம்.

“கேட்டால் மட்டும் கதை. சிரிக்கிறதெண்டால் வாயை மூடிச் சிரி” என்றார்.

இதுவும் குழம்பினால் இனி யாரையும் வரச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக நான் முடிவெடுத்திருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பா, வருகிறவர்களுக்குத் தேநீரோடு கொடுக்கப் பற்றிஸும் ரோல்ஸும் வாங்க டவுனுக்குப் போனார். அம்மா குளிக்கப் போனார். நான் சேலையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பழைய நைற்றியோடு ஹோலைத் துடைக்கத் தொடங்கினேன். தரை காயட்டும் என்று முன்கதவைத் திறந்து விட்டிருந்தேன். சும்மா ரீவியைப் போட்டால், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் பைத்தியமாக இருந்த பொப் பாடகர் வந்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. கடைசியாக நடத்தவிருந்த இசை நிகழ்ச்சிக்கு அவர் ஒத்திகை பார்த்ததை எடுத்து ஓர் ஆவணப்படமாக்கியிருந்தார்கள். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அதுவரை பார்க்கக் கிடைக்கவில்லை.

வெறும் கதிரைகளுக்கு முன்னால் அவர் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். தாளம் பிந்துகிறது என்று வாத்தியக்காரரிடம் மெல்லச் சொல்லிவிட்டு மறுபடியும் தொடங்கினார். ஆட்டம் தொடங்கியதும் என்னாலும் நிற்க முடியவில்லை. தோளை வெட்டி, இரண்டு அடி வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வாசல் பக்கம் திரும்பினேன்.

வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

ஒருவர் கண்ணாடி போட்டு, கொண்டையை இறுக்கி முடிந்திருந்த ஒரு அம்மா. பக்கத்தில் அவருடைய தம்பி. பின்னால், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் மகன், அதாவது மாப்பிள்ளை. அவர்களை ஏற்றிவந்த வான்காரருக்குப் பின்னேரம் வேறு ஓட்டம் இருந்ததாம், அதனால் முன்னதாகவே வந்துவிட்டார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எல்லாம் முடிந்தது.

ஓடிப்போய் ரீவியை நிறுத்தக் கையை நீட்டினேன்.

“நிப்பாட்டாதைங்கோ, பிள்ளை!” என்று அந்த அம்மா கத்தினார். பிறகு தன் சத்தத்துக்குத் தானே வெட்கப்பட்டது போலக் குரலைத் தாழ்த்தி, “இந்தப் படத்தைத்தான் நான் இவ்வளவு காலமும் தேடினனான்” என்றார். கதிரை ஒன்றை ரீவிக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

தலையில் ஈரத் துவாயோடு வெளியே வந்த எங்கள் அம்மா அப்படியே நின்றுவிட்டார். நான் அறைக்குள் ஓடி, அகப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், மாப்பிள்ளை குனிந்து நின்று மிச்சத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஐயோ தம்பி, விடுங்கோ!” என்று அம்மா பதறினார்.

“பரவாயில்லை அன்ரி. அம்மா எழும்பி நடந்தால் வழுக்கி விழுந்திடுவா.”

உண்மையைச் சொன்னால், என் மனம் சம்மதித்தது அந்த இடத்தில்தான்.

மாப்பிள்ளையின் மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அக்கா, வந்த அலுவலைக் கதைப்பமே?” என்று கேட்டுப் பார்த்தார்.

“பேசாமல் இரு. அவர் பாடி முடியட்டும்.”

அதற்குப் பிறகு எல்லாரும் இருந்து படம்தான் பார்த்தோம். இடையிடையே அந்த அம்மா என்னோடு மட்டும் கதைத்தார். இளம் வயதில் தமையனின் கசற்றில் இவருடைய பாட்டைக் கேட்டுக் கேட்டு அதைத் தேய்த்துவிட்டாராம். “இவர் செத்திட்டார் எண்டு கேட்டு நான் குசினிக்குள்ள நிண்டு அழுதனான். வீட்டில எல்லாரும் சிரிச்சவை” என்றார். நானும் அன்று அழுதேன் என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரையில் அந்தப் பாடகர், இன்றைக்குக் குரலை மிச்சம் பிடிக்க வேண்டும், மெல்லத்தான் பாடுவேன் என்றார். ஆனால் பாட்டு ஏற ஏற அதை மறந்து முழுக்குரலில் பாடிவிட்டார். கீழே நின்ற ஆட்டக்காரர்கள் துள்ளிக் குதித்துக் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

“முதல் வைச்ச அந்த அடியை இன்னொருக்கா வையுங்கோ பாப்பம்” என்றார் அந்த அம்மா. நான் என் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். வைத்துக் காட்டினேன். உடனே மாப்பிள்ளையின் அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பி, தானும் வைத்துப் பார்த்தார். கால் பின்னிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

“எங்கட அப்பா காலமானதுக்குப் பிறகு அம்மா இப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை” என்றார் மாப்பிள்ளை. அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தைகள் அவைதான்.

படம் முடிந்தபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவ்வளவு ஒத்திகை பாத்துப்போட்டு மேடை ஏறாமலே போயிட்டார், பாவம்” என்றார்.

“ஏறாட்டிலும் என்ன, நாங்கள் பாத்திட்டம்தானே மாமி” என்று சொல்லிவிட்டேன்.

அன்ரி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்! நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் மாமியாரைத்தான் மாமி என்போம். மாப்பிள்ளை குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்தார். அவருடைய காதுகள் சிவந்துகொண்டு வந்தன.

மாமாதான் முதலில் வெடித்தார். “அப்ப அலுவல் முடிஞ்சுது அக்கா! இனிக் கதைக்க என்ன கிடக்கு?”

“ஓம், முடிஞ்சுதுதான். ஆனா மகன் என்ன சொல்லுறான்?”

“நான் என்னத்தைச் சொல்லுறது? என்னட்டைக் கேக்காமலே இரண்டு பேரும் முடிவெடுத்திட்டியள்” என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த நேரம்தான் அப்பா பற்றிஸ் பெட்டியோடு உள்ளே வந்தார். ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்த எங்கள் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டன. கடைசியில் மாமாதான் அப்பாவை இருத்தி, நடந்ததை முதலிலிருந்து சொன்னார்.

இப்போது புல்மோட்டையில் மாமியோடுதான் இருக்கிறோம். சமைக்கும்போது நானும் மாமியும் சேர்ந்து பாடுவோம், சில நாள் கறி அடிப்பிடிக்கும். முன்னறிவிப்பு இல்லாமல் யார் வீட்டுக்காவது நான் போகும்போது, அவர்கள் பதறிக்கொண்டு உடுப்பை மாற்ற ஓடினால், அப்படியே இருங்கோ என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது. எந்த ஆயத்தமும் இல்லாமல் நின்ற என்னைத்தானே மாமியும் இவரும் விரும்பிக் கேட்டார்கள்.