சத்தம் நின்ற மதியம்

புனேயில் மதியத் தூக்கத்தைக் கெடுத்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். கடைகளே மூடிக்கொண்டு தூங்கும் ஊர் இது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கராஜ் ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்தேன்.

சைலென்சர் இணைப்பில் புகை கசிந்தது. புதுக் கிளாம்ப் மாட்டியிருந்தேன். உள்ளே புகையை அடைக்கும் கேஸ்கெட் வளையம் நைந்திருந்தது; அதை மாற்றச் சோம்பல். புஸ் புஸ் என்று இன்னும் கேட்டது. குனிந்து காதைக் கொடுத்தபடி போல்ட்டை முறுக்கிக்கொண்டே இருந்தேன். தலை வலித்தது. பசி என்று நினைத்தேன்.

திடீரென்று சத்தம் நின்றது. சரிசெய்துவிட்டேன் என்று ஒரே பெருமை. எழப் பார்த்தேன், கால் வரவில்லை. ஸ்பேனர் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஷட்டர் உயர்ந்தது. என் மனைவி என்னை வெளியே இழுத்து, பெய்துகொண்டிருந்த மழையில் உட்காரவைத்தாள். மெல்லக் காது திறந்தபோது அவளுடைய கோயம்புத்தூர்க் குரல் கேட்டது.

"ஏனுங்க, எத்தனை தடவ கூப்பிடறது? புஸ்ஸு புஸ்ஸுன்னு மாடி வரைக்கும் கேக்குது, வண்டிய அணைக்கக் கூடாதுங்களா?"

கசிவு ஒரு கணமும் நின்றிருக்கவில்லை. மூடிய கராஜில் சேர்ந்த புகையில் நின்றுபோனது என் காதுதான்.

இப்போதும் வீடு சட்டென்று அமைதியானால் எனக்கு நிம்மதி வருவதில்லை. ஒரு கரண்டியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன்.