ஜெபப் புத்தக இங்கிலீஷ்

"ஏழாவது படிக்கிற பொண்ணு, தொப்பி போட்ட ஆபீசர்கிட்ட இன்னா பேசிடப் போவுது?" என்றார் பெரியப்பா. பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டார். அப்படிச் செருகினால் அவர் முடிவு சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே நாங்கள் குத்தகைக்குப் பயிரிட்ட மேட்டு நிலத்தின் ஓரத்தில் அன்று ஒரு புல்டோசர் வந்து நின்றது. நிலத்துக்காரர் ஏதோ கம்பெனிக்கு நிலத்தை விற்றுவிட்டார் என்பதே அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வேர்க்கடலை இன்னும் மண்ணுக்குள் இருந்தது. அப்பா தமக்குத் தெரிந்த தெலுங்கில் டிரைவரைக் கேட்டார். காலையில் வேலை தொடங்கும், நிறுத்துவது ஆபீசர் கையில் என்றார் அந்த நெல்லூர்க்காரர். ஆபீசர் வடக்கத்தியர், இந்தியும் இங்கிலீஷும்தான் அவருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், பாடப் புத்தகத்தில் பாய்மேல் உட்கார்ந்த பூனையைத் தாண்டவில்லை. என்னிடம் வேறொரு இங்கிலீஷ் இருந்தது. எங்கள் சர்ச் பீரோவில் வெள்ளைக்காரப் பாதிரியார் எப்போதோ விட்டுப்போன ஜெபப் புத்தகங்கள் கரையானுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டிலிருந்த தமிழ் ஜெபப் புத்தகத்தோடு வரிக்கு வரி பொருத்திப் பார்ப்பதுதான் என் விளையாட்டு. 'பிஸீச்' வந்த இடத்திலெல்லாம் தமிழில் 'மன்றாடுகிறோம்' இருந்தது. 'டேரி' என்றால் தாமதித்தல். 'வவுச்சேஃப்' என்றால் இரங்கி அருளுதல். அதைச் சும்மா சொல்லிப் பார்த்தாலே வாய் நிறைந்துவிடும். இவற்றை யாரும் இப்போது பேசுவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் பேசும் யாரையும் நான் பார்த்ததே இல்லை.

ஆபீசர் ஜீப்பில் சாய்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அப்பா என் முதுகில் கைவைத்து லேசாகத் தள்ளினார். நான் கைகூப்பினேன்.

"ஓ சார், வி பிஸீச் தீ, டேரி அன்டில் தி ஹார்வெஸ்ட்."

அறுவடை வரை பொறுத்தருளும், மன்றாடுகிறோம். சுளை அவர் வாய்க்குப் போகாமல் நின்றது. "பிஸீச்?" என்றார். போதவில்லை போலும் என்று பயந்து, "வவுச்சேஃப்" என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கச் சொல்லிச் சைகை காட்டி, காயை உடைத்துப் பார்த்தார். பால் பருவம் இன்னும் போகவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றி, என் முன் சற்றே குனிந்து, "கிராண்டட்" என்றார்.

அந்தச் சொல்லும் என் புத்தகத்தில் இருந்தது.

"இன்னா சொல்றாரு?" என்றார் பெரியப்பா.

"குட்த்துட்டாரு."

"சாமிகிட்டப் பேசறத மனுசங்கிட்டப் பேசிக்கினு நிக்கிது பாரு" என்றவர், காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

புல்டோசர் பக்கத்து நிலத்துக்குப் போனது. கடலை பிடுங்கி முடித்த அன்று அம்மா பெரிய பானையில் அவித்தாள். வருஷா வருஷம் விதைக்கென்று ஒதுக்கிவைக்கும் திரட்சியான காய்களையும் அதிலேயே கொட்டினாள்.

"இதுவும் நமக்கா?" என்றேன்.

"துன்னும்மா" என்றாள்.

என் இங்கிலீஷுக்கு வைத்த விருந்து என்று நினைத்து வயிறு முட்டத் தின்றேன். அப்பா ஒன்றையும் தொடவில்லை.

விதையை ஏன் அவித்தாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. குத்தகைக்காரரை அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேற்ற முடியாது என்று சட்டம் இருந்ததும் தெரியாது. அந்த ஜெபப் புத்தகத்தில் கெஞ்சுவதற்கு எத்தனையோ அழகான சொற்கள் இருந்தன. நமக்குச் சேர வேண்டியதைக் கொடு என்று கேட்க ஒரு சொல்லை நான் அதில் பார்க்கவில்லை, தேடவும் இல்லை.

அப்பா இப்போது அதே நிலத்தில், கம்பெனி கேட்டில் காவலுக்கு நிற்கிறார். நான் பி.ஏ. முடித்து, சென்னையில் சட்டம் படிக்கச் சேர்ந்துவிட்டேன். சட்டப் புத்தகத்திலும் யாரும் பேசாத பழைய இங்கிலீஷ்தான். பொருத்திப் பார்க்கத் தமிழ்ப் புத்தகம் இல்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, காலை ரயிலில் ஒவ்வொரு சொல்லாகப் பொருள் பார்க்கிறேன். குத்தகைச் சட்டத்திலிருந்துதான் தொடங்கினேன்.