தூபா வாய் திறக்காத ஏழு மாதங்கள்

ஈரானில் யஸ்த் நகரத்துப் பழைய கடைத்தெருவில் எனக்கு ஒரு நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. எல்லோரும் என்னை ஹாஜி என்பார்கள். நான் இன்னும் மக்காவுக்குப் போனதில்லை. தாடியைப் பார்த்துக் கொடுத்த பட்டம். நாற்பது வருடமாக ஊராரின் வயிற்றுவலியையும் தூக்கமின்மையையும் கேட்டுக் கேட்டு, எனக்குத் தெரியாத வியாதி இந்த ஊரில் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தூபா அந்த நினைப்பைத் தீர்த்து வைத்தாள். அவளைப் பற்றிச் சொல்கிறேன்.

தூபாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கணவர் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் ஷீராஸில் படிக்கிறாள். தூபா தன் பழைய வெள்ளைக் காரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்தாள். கார் தெருமுனை திரும்பும் முன்னே அவள் குரல் எங்கள் சந்துக்குள் வந்துவிடும். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் ஒருவர் அவளை நிறுத்தி அபராதம் எழுதப் போய், அவள் பேசி முடித்தபோது அவரே மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். அப்படிப்பட்ட வாய்.

அவளுடைய அக்கா அக்தஸ் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு அக்தஸ் வீட்டில்தான். சாவு விழுந்தாலொழிய அதிலிருந்து யாரும் தப்ப முடியாது.

கோடை முடிகிற நேரம். ஒரு வெள்ளிக்கிழமை அக்தஸ் ஷூலி காய்ச்சியிருந்தாள். கீரையும் மாவும் சேர்த்துக் காடி ஊற்றிய புளிப்புக் கஞ்சி அது. தூபா ஒரு கரண்டி வாயில் வைத்தாள், கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். வாய் புண்ணாக இருக்கிறது என்றாள்.

எங்கள் ஊரில் கோபித்துக்கொண்டவர்கள் கோபம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டைத் தொடமாட்டார்கள், பேச்சைக் குறைப்பார்கள். ஏன் என்று கேட்டால், இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள். இன்னொரு முறை கேட்டால் வயிறு சரியில்லை. அதற்கும் மேலே போனால் வாய்ப்புண். அக்தஸ் இந்த மூன்றையும் தன் மாமியாரிடம் இருபது வருடம் சொல்லிப் பழகியவள். போதாக்குறைக்கு, பெண்ணைத் தனியாக ஷீராஸுக்கு அனுப்பியது தப்பு என்று முந்தின வாரம்தான் தங்கையிடம் சொல்லியிருந்தாள். இரண்டையும் முடிச்சுப் போட்டாள். பேசாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் தூபா எதையும் தொடவில்லை, நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. ஒருத்தி முறுக்கிக்கொண்டால் மற்றவள் சும்மா இருப்பாளா? நான் என்ன இளைத்தவளா என்று அக்தஸும் முறுக்கிக்கொண்டாள். மூன்றாவது வாரம் சாப்பிட வா என்று சொல்லி அனுப்பவில்லை. தன் வாய்ப்புண் ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா பயந்து ஒதுக்குகிறாள் என்று தூபா நினைத்தாள். அதைக் கேட்கப் போய் இன்னும் ஒரு பேச்சு பேச வேண்டும்; பேசினால் வலித்தது. வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

இதற்கு நடுவில் என் கடைக்கு வந்தாள். நாக்கை நீட்டச் சொன்னேன், நுனியைப் பார்த்தேன். பேரீச்சம்பழம் அதிகம் தின்றாயா, அக்ரூட் தின்றாயா என்று கேட்டேன். எங்களுக்கு உலகத்துச் சாப்பாடு முழுவதும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டே கட்சி. வாயில் புண் என்றால் சூடு, பச்சைக்குழந்தைக்கும் தெரியும். கொத்தமல்லி விதைத் தண்ணீர், சீமைமாதுளை விதை ஊறவைத்த கொழகொழப்பு, பன்னீர் என்று கட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை என்றாள். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். மருந்தை மாற்றினேன். பல் டாக்டர் ஒருவர் ஈறு கெட்டுவிட்டது என்று சுரண்டிவிட்டார். அது இன்னும் மோசமாயிற்று. மறுபடி என்னிடமே வந்தாள்.

குளிர்காலத்துக்குள் பாதியாகிவிட்டாள். மேலங்கி தோளில் தொங்கியது. தூபா சித்தி இப்போதெல்லாம் ரொம்ப நல்லவள், திட்டுவதே இல்லை என்று காரில் போகும் பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். அக்கா தங்கை சண்டை சந்து முழுக்கத் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். சண்டையையும் புண்ணையும் சேர்த்துப் பார்த்து நான் ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். அடக்கி வைத்த பேச்சுதான் சூடேறி வாயில் வெடிக்கிறது. அக்காவோடு ராசியானால் எல்லாம் ஆறிப்போகும். இதை அவளிடம் பெருமையாகவே சொன்னேன்.

உதட்டை அசைக்காமல் அவள் சொன்னாள்: "ஹாஜி, எனக்கு யார் மேலயும் கோவம் இல்ல."

கோபமாக இருப்பவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று நான் சிரித்துக்கொண்டேன்.

நவ்ரூஸ் நெருங்கியது. புது வருடம் பிறக்கும் முன் சண்டைகளை முடித்துவிட வேண்டும். முடித்து வைப்பது தாடிக்காரர்களின் வேலை. இரண்டு வீட்டுக்கும் நடந்தேன். அவள்தானே மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனாள், நான் போய்க் காலில் விழ வேண்டுமா என்றாள் அக்தஸ். விழ வேண்டாம், இனிப்பு செய்தால் போதும் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் அன்று மாலையே பாதாம் வாங்க ஆள் அனுப்பினாள்.

வருடத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, குடும்பம் முழுவதும் கூடியிருந்தது. தூபா முக்காட்டை வாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அதன்பின் மூத்தவள் இனிப்பை எடுத்து இளையவள் வாயில் தன் கையால் வைக்க வேண்டும். அதைக் கடித்துத் தின்றால்தான் சண்டை தீர்ந்ததாகக் கணக்கு. அக்தஸ் குத்தாப் செய்திருந்தாள்: பாதாம் பூரணம் வைத்துப் பொரித்து, சர்க்கரைப் பொடியில் வெள்ளை வெளேரென்று புரட்டியது. ஒன்றை எடுத்து நீட்டினாள்.

தூபா முகத்தைத் திருப்பினாள். "வேணாங்கா. என்னால முடியல."

அக்தஸின் கை நீட்டியபடியே நின்றது. பெரிய மனிதன் நான் சும்மா இருந்திருக்கலாம். பெரியவள் கை நீட்டிவிட்டாள், மறுக்காதேம்மா என்றேன். தூபா ஒருமுறை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

கடித்தாள். சத்தம் வரவில்லை, கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. அக்தஸ் கையை இழுத்தபோது சர்க்கரைப் பொடி படிந்த விரல்களில் ரத்தம். கடிபட்ட குத்தாப்பில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்தஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கையைத் தோளைப் பிடித்து ஜன்னலடிக்குக் கொண்டுபோனாள். வாயைத் திற என்று சொல்லி, முகவாயைப் பிடித்து உள்ளே பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம், மேலண்ணம், ஈறு எல்லாம் தோலே இல்லாமல் ரணமாக இருந்தது. நாக்கின் நுனி மட்டும் சுத்தமாக இருந்தது. ஏழு மாதமாக நான் பார்த்தது அந்த நுனியைத்தான். எனக்கு அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

"எப்பலேர்ந்து இப்பிடி?" என்றாள் அக்தஸ்.

"நீ ஷூலி காய்ச்சினியே, அன்னிலேர்ந்து. சொன்னேனேக்கா."

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்; அங்கே தோல் டாக்டரம்மா ஒருவரிடம் அனுப்பினார்கள். வாய்ப்புண்ணுக்குத் தோல் டாக்டர் எதற்கு என்று அங்கேயும் நான் வாதாடினேன். அந்த அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தூபாவின் முதுகைத் திறந்து பார்த்தார். நாலைந்து கொப்புளங்கள் இருந்தன. கார் இருக்கை உரசி வந்தது என்று அவள் நினைத்திருந்தாளாம். ஓரத்தில் விரலால் லேசாகத் தேய்த்ததும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது என்று அக்தஸ் பிறகு சொன்னாள். துளி சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பெம்ஃபிகஸ் என்று பெயர் சொன்னார்கள். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே வீட்டுச் சுவரை இடிக்கிற வியாதி. பலருக்கு முதலில் வாயில்தான் வருமாம். தோலுக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். யாருக்கும் ஒட்டாது. விட்டுவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். தொண்டைவரை இறங்கியிருந்தது, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்ல முடிந்திருக்காது என்றார் டாக்டர்.

"ஏழு மாசமா வீட்ல யாரும் இவங்க வாயத் தொறந்து பாக்கலயா?" என்று கேட்டார்.

நான் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தேன் என்று சொன்னேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மருந்து எழுதப் போனார்.

நவ்ரூஸின் பதின்மூன்று நாளும் அக்தஸ் ஆஸ்பத்திரி நாற்காலியில்தான் தூங்கினாள். மாத்திரையில் தூபாவின் முகம் பூசணிபோல் உப்பியது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து இரண்டு தாய்மார்கள் பிள்ளைகளை வேறு காருக்கு மாற்றினார்கள். நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று பேசினேன்; ஒருத்தி பிள்ளையைத் திரும்ப அனுப்பினாள், ஒருத்தி அனுப்பவில்லை. புண் ஆறக் கோடை நடுப்பகுதி ஆயிற்று. இது திரும்பி வரக்கூடியது, கவனமாக இருங்கள் என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

அதற்குப் பிறகு அக்தஸ் வீட்டில் காடியைத் தனிக் கிண்ணத்தில்தான் வைப்பார்கள். சாப்பாட்டு விரிப்பு போடும் முன் தூபா அக்காவிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும். மாதத்தில் ஒரு வெள்ளி என்னையும் அழைக்கிறார்கள். என்னையும் கண்காணிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

போன இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தேன். தூபா வந்தாள், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றாள். அக்தஸின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்க் கைபேசியை எடுத்து வந்து விளக்கைப் போட்டாள். தங்கையின் முகவாயைத் தூக்கிப் பிடித்து அண்ணம், ஈறு, இரண்டு கன்னம், நாக்குக்கு அடி என்று ஒன்று விடாமல் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். எங்கேயும் ஒன்றுமில்லை.

முகவாய் அக்காவின் பிடியில் இருக்கும்போதே தூபா சொன்னாள்: "புண்ணு இல்லக்கா. கோவமா இருக்கேன். என்னைக் கேக்காம எம் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க நீ யாரு?"

"நெஜமாவே கோவந்தானா?"

"நெஜமாத்தான்."

அக்தஸ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, அல்லாவே உனக்குப் புகழ், அல்லாவே உனக்குப் புகழ் என்று அழுதாள். தூபா நிறுத்தவில்லை. மாப்பிள்ளையில் ஆரம்பித்து அக்காவின் முப்பது வருடத்து அதிகாரம் அத்தனையையும் எடுத்து வைத்துத் திட்டினாள். சோறு ஆறிப்போகும்வரை திட்டினாள். நாங்கள் யாரும் குறுக்கே பேசவில்லை.