பட்டியலில் கீழே போன தாய்மாமன்

கனடாவில் எங்கள் விமானக் கம்பெனியில் இரண்டு பைலட்டுகள் முதன்முதலாகச் சந்தித்தால், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் "உன் சீனியாரிட்டி நம்பர் என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். திருநெல்வேலியில் எந்த ஊர், யார் மகன் என்று கேட்பதைப் போலத்தான். எந்த விமானம், என்ன சம்பளம், தீபாவளிக்கு வீட்டிலா வானத்திலா என்பதையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி வரும் அந்த நம்பர்தான் தீர்மானிக்கும். வயதும் திறமையும் யாருக்கு வேண்டும்?

நான் முதலில் இருந்தது ஒரு சின்னக் கம்பெனி. அங்கே எனக்கு மேலே அதிகம் பேர் இல்லை. கோடையில் லீவு கேட்டால் மறுபேச்சு கிடையாது. அதை நம்பித்தான், தங்கை சங்கரி தன் மூத்த மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் பார்த்தபோது, "தாராளமா வைம்மா, நான் வாரேன்" என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கைப்பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். மாமன் இரண்டு பேர் என்றால் மூத்தவன் கைதான் முதலில். தச்சநல்லூரில் கடை வைத்திருக்கும் என் தம்பி ஆறுமுகத்துக்கு எனக்குப் பிறகுதான் இடம். எந்த யூனியனும் அதை மாற்ற முடியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி கலக்கச் சொன்னது எங்கள் யூனியன். பெரிய விமானம் ஓட்டும் எங்களுக்குக் கீழேதான் நீங்கள் என்றது அவர்கள் யூனியன். இழுபறிக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. எங்களுக்குச் சம்பளம் கூடும், வரிசையில் கீழே போவோம். சம்பளம் எங்கள் வாயை அடைக்கத்தான், வேறெதற்கு? வாக்கெடுப்புக் கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சம்பள உயர்வு வேண்டாம், ஆகஸ்டில் லீவு வேண்டும், வீட்டில் கல்யாணம்" என்றேன்.

பக்கத்திலிருந்த சக பைலட் கிரெக் பதறிப்போய், "மகளுக்கா?" என்றார்.

"தங்கை மகளுக்கு."

"நல்லவேளை! பெரிய பரிசாக அனுப்பிவிடு, இனி வசதிதானே" என்று முதுகில் தட்டினார். கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளின் கல்லூரிச் செலவு அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் என்றால் என்னவென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாக்குச்சீட்டு வந்துவிட்டது. சம்பளம் ஜெயித்தது.

மேலே இருந்தவர்கள் எடுத்தது போக எனக்கு மிஞ்சியது பிப்ரவரி. ஆகஸ்டைக் கேட்டு ஒவ்வொருவரிடமும் கெஞ்சினேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை யார் விட்டுத் தருவார்கள்? சங்கரியிடம் தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"பத்திரிகை அடிச்சாச்சுண்ணே. மாப்ள வீட்டுல என்னன்னு சொல்லுதது?" என்றவள், பிறகு அவளே, "சின்னண்ணன் நிக்கட்டும்" என்றாள்.

வண்ணார்பேட்டை மண்டபத்தில் தம்பி மாலை போட்டதை ஏதோ ஓர் ஊர் ஓட்டல் அறையில் போனில் பார்த்தேன். அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

பிப்ரவரியில் ஊருக்குப் போனபோது சங்கரியின் இளைய மகளுக்கு நிச்சயதார்த்தம். "தாய்மாமன் வந்து தாம்பூலத் தட்டைப் பிடிங்க" என்று சபையில் குரல் வந்ததும் எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "நீங்கதானண்ணே மூத்த மாமன், வாங்க."

இருவருமாகப் பிடித்தோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் சங்கரியிடம், "ஆறுமுகம் அண்ணாச்சியத் தெரியும். இது யாரும்மா?" என்றார்.

"எங்க பெரியண்ணன். லீவு கெடச்சா வருவாவ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தட்டின் விளிம்பில் என் விரல்களும் இருந்தன. கனம் முழுவதும் தம்பியின் கையில் இருந்தது.